எப்போதும் ஜனவரி ஒன்று

பொத்தானை அழுத்திவிட்டுப் போய்
அரிசி களைந்து உலையில் போட்டு வரலாம்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டிக்கு நிற்பது மாதிரிதான்.
ஒரு வேகன், இன்னொரு வேகன்,
முடிந்ததென்று ஸ்கூட்டியைக் கிளப்பும்போது
எதிர்த் தண்டவாளத்தில் வேறொன்று.
திரையில் அந்த வட்டம்
சுற்றிக்கொண்டே இருக்கும்.

"தூக்கிப் போடுக்கா" என்றான் எபினேசர்.
"இத்த ரிப்பேர் பண்ற காசுல..."
அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.
எங்கள் வீட்டில் எல்லோரும்
எதையாவது பார்த்து அதைத் தொடங்குவார்கள்.
மிக்ஸியைப் பார்த்து, என் பல்லைப் பார்த்து.
இதுவரை யாரும் முடித்ததில்லை.

காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன்.
எந்த போட்டுக்கு எத்தனை பார்,
உருகினது யார் கணக்கில்,
கடன் எத்தனை, கைக்கு வந்தது எத்தனை.
பனிக்கட்டிக் கணக்கு எழுதும் பெட்டி
தோசைக்கல்லாய்ச் சுடுகிறது.
அதன் விசிறி
டீசல் தீரப்போகும் லாஞ்சி போல் இருமுகிறது.

அதெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.
பொறுக்காதது தேதி.
கரண்ட் போய் வரும்போதெல்லாம் அதற்கு
2009, ஜனவரி ஒன்று.
ஒவ்வொரு தடவையும் நான் மாற்றுவேன்.
ஆடியில் ஒரு நாள் மறந்துவிட்டேன்.
தேசிங்கு போட்டுக்கு அறுபத்திரண்டு பார்,
பில்லில் அந்தத் தேதி.
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி,
"அன்னிக்கு எங்கிட்ட போட்டே இல்லியேம்மா,
கட்டுமரத்துல போய்க்கினு இருந்தேன்" என்றார்.
ஆபீஸே சிரித்தது.
பணம் வரவில்லை.
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு இறக்கிய பிறகு
பேப்பர் விரித்து அதைப் படுக்க வைத்தேன்.
உப்புக்காற்று தின்ற ஸ்க்ரூக்கள்.
தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு
ஒரு வசவும் விட்டபின் திரும்பின.
உள்ளே
விரல் தடிமனுக்குக் கரி.
துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது
நின்று எத்தனையோ வருஷம்.
இதற்கு யாரும் சொல்லவில்லை போல.
அதற்குமேல் எண்ணூர்ச் சாம்பல், வெளுப்பாய், புதிதாய்.
பல்லி முட்டை இரண்டு, ஓடு மட்டும்.
சிடி தட்டைக் குண்டூசியால் நெம்பினால்
எட்டாய் மடித்த பரீட்சைத் தாள்:
ஜெனிட்டா, ஆறாம் வகுப்பு, கணக்கு, பதினொன்று.
கீழே என் கையெழுத்து,
நான் போடாதது,
என்னுடையதைவிட அழகாக.
அவள் இப்போது காலேஜ்.
தாளை மடித்து அங்கேயே வைத்துத்
தட்டை உள்ளே தள்ளினேன்.

பெயிண்ட் பிரஷ்ஷால் விசிறியைப் பெருக்கினேன்.
ரேமை உருவி, அதன் பொன் பற்களை
ரப்பரால் தேய்த்தேன்.
மூலையில், எட்டணா அளவில்,
செத்துப்போன பேட்டரி.
இதுதானா நீ.
எடை பார்க்கும் மிஷினிலிருந்து ஒன்றைக் கழற்றினேன்.
அதில் ஏறி இறங்கியவர் யாரும்
எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்ததில்லை.

இன்றைய தேதியை அடித்தேன்.
அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.
மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து
மறுபடி போட்டேன்.
வேகன், வேகன், வேகன்.
முப்பத்தெட்டில் நாலைந்து குறைந்திருக்கும், அவ்வளவுதான்.
ஆனால் ஓரத்தில், சின்ன எழுத்தில்,
ஞாயிறு.
ஞாயிறேதான்.

தேசிங்கு பில்லை மறுபடி அடித்தேன்.
அறுபத்திரண்டு பார், ஆடித் தேதி.
இப்போது அவரிடம் போட் இருக்கிறது.

பலகையை மூடிய பிறகு
ஒரு ஸ்க்ரூ மிச்சம்.
போன தடவையும் ஒன்று மிச்சம்.
இரண்டையும் கடுகு டப்பா மூடிமேல் வைத்திருக்கிறேன்.